பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்குமுன்

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, பிள்ளைக்கு எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பீடம் என்று தெரிந்த கையோடு எங்கள் வீடுகளில் அடுத்த பேச்சு மடிக்கணினியைப் பற்றியதாகத்தான் இருக்கும். எது நல்லது என்று தாய் தகப்பனுக்குத் தெரியாது. கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்கோ பாரிசில் இருக்கும் பெரியம்மாவுக்கோ அழைப்புப் போகும். அவர்கள் ஒன்றைச் சொல்வார்கள், பக்கத்து வீட்டுத் தம்பி இன்னொன்றைச் சொல்வான், கடைக்காரர் மூன்றாவதைக் காட்டுவார். கடைசியில் யாருடைய குரல் பெரிதோ அவர் சொன்னது வாங்கப்படும்.

யாழ். நகரில் கணினி திருத்தும் தொழிலில் பதினைந்து வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் புதிய மாணவர் அனுமதிக் காலத்தில் திருத்த வேலையைவிட ஆலோசனை கேட்டு வருபவர்களே அதிகம். அவர்களில் பலர் காப்பு, சங்கிலியை அடகு வைத்த காசோடு வருகிறார்கள். கணவனைப் போரில் இழந்து, தோட்ட வேலையும் தையலும் செய்து பிள்ளையை இவ்வளவு தூரம் கொண்டு வந்த தாய்மார் வருகிறார்கள். இந்த வருடங்களில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் 2009 இல் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள். அந்த வீட்டில் காணி, வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரே தடவையில் செலவழிக்கும் பெரிய தொகை இதுவாகவே இருக்கும். அதனால் அவர்களுக்குச் சொல்வதையே இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். எந்த நிறுவனத்துக்கும் விளம்பரமாக இதை எழுதவில்லை.

முதலில் பீடம், பிறகு கணினி

"நல்ல லப்டொப் எது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளை என்ன படிக்கப் போகுது?" என்பதுதான்.

கலைப்பீடம், நுண்கலை, இந்துக் கற்கைகள், சட்டம் போன்ற துறைகளுக்குப் போகும் பிள்ளைக்குக் கட்டுரை எழுதுதல், இணையத்தில் தேடுதல், பி.டி.எஃப் வாசித்தல், படவிளக்கம் தயாரித்தல் ஆகியவையே பெரும்பாலான வேலை. இதற்கு 8 ஜி.பி ராம் உள்ள, நடுத்தர வேகமுடைய கணினி தாராளம். இங்கே காசைப் போட வேண்டியது விசைப்பலகைக்கும் திரைக்கும் பற்றறிக்கும்.

முகாமைத்துவம், வணிகம் படிப்பவர்களுக்கு எக்செல், புள்ளிவிபர மென்பொருள், கணக்கியல் மென்பொருள் தேவைப்படும். இவற்றில் பல விண்டோஸில் மட்டுமே ஒழுங்காக ஓடும். ஆகவே இவர்கள் அப்பிளின் மக்புக்கையும் குரோம்புக்கையும் தவிர்ப்பது நல்லது. எண் விசைகள் தனியாக உள்ள விசைப்பலகை இவர்களுக்கு உதவும்.

மருத்துவம், சித்த மருத்துவம், தாதியியல் படிப்பவர்கள் நாள் முழுவதும் விரிவுரை மண்டபத்துக்கும் வைத்தியசாலைக்கும் இடையே அலைவார்கள். பாரமற்ற, ஒரு தடவை சார்ஜ் செய்தால் ஏழெட்டு மணித்தியாலம் நிற்கிற 14 அங்குலக் கணினியே அவர்களுக்குப் பொருந்தும்.

கணினி விஞ்ஞானம், தகவல் தொழில்நுட்பம் படிப்பவர்கள், யாழ்ப்பாண உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா செய்பவர்கள் உட்பட, 16 ஜி.பி ராம் இருக்கும்படி பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் பல செயலிகளைத் திறந்து வைத்து நிரல் எழுதும்போது 8 ஜி.பி மூச்சு வாங்கும். விலை கூடிய கிராஃபிக்ஸ் அட்டை ஆரம்பத்தில் தேவையில்லை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்துக்கும் தொழில்நுட்பப் பீடத்துக்கும் போகிறவர்கள், மொறட்டுவை, பேராதனைக்குப் பொறியியலுக்குப் போகிறவர்கள் ஓட்டோகாட், மட்லாப், சொலிட்வேர்க்ஸ் போன்றவற்றைப் பாவிக்க வேண்டி வரும். 16 ஜி.பி ராமும் ஓரளவு வலுவான செயலியும் வேண்டும். தனிக் கிராஃபிக்ஸ் அட்டை, கட்டடக் கலை படிப்பவர்களுக்கும் முப்பரிமாண வரைபு செய்பவர்களுக்கும் அவசியம். மற்றப் பொறியியல் துறைகளில் அது இல்லாமலும் படிப்பை முடிக்கலாம். பீடங்களில் ஆய்வுகூடக் கணினிகள் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று. அனுமதிக் கடிதம் வந்த அன்றே ஓடிப்போய் வாங்க வேண்டியதில்லை. முதல் இரண்டு, மூன்று வாரம் போகட்டும். அதே துறையில் இரண்டாம், மூன்றாம் வருடம் படிக்கிற நாலு பேரிடம் என்ன மென்பொருள் பாவிக்கிறீர்கள், எந்த இடத்தில் கணினி சிக்கியது என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதில் எந்தக் கடைக்காரரின் பதிலையும்விடப் பெறுமதியானது.

விலைச்சீட்டில் உள்ள எண்களை வாசிப்பது எப்படி

கடையில் "ஐ5 இருக்கு" என்று சொல்வார்கள். அது பாதிக் கதைதான். இன்டெல் ஐ5 செயலி 2009 இலிருந்து வந்துகொண்டிருக்கிறது. பத்து வருடம் பழைய ஐ5 ஐவிட அண்மைய ஐ3 வேகமானது. ஆகவே ஐ5 என்பதற்குப் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 1135 என்றால் பதினோராம் தலைமுறை, 1235 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. எண்ணுக்குப் பின்னால் யு என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மின்சாரத்தைச் சேமிக்கும் வகை, எச் என்ற எழுத்து இருந்தால் வேகம் கூடியது, ஆனால் சூடும் கூட, பற்றறியும் கெதியாக இறங்கும். 2023 இன் கடைசியில் இருந்து இன்டெல் தன் புதிய செயலிகளில் ஐ என்ற எழுத்தை விட்டுவிட்டுக் கோர் 5, கோர் அல்ட்ரா என்று பெயர் வைக்கத் தொடங்கியது. ஐ என்ற எழுத்து இல்லை என்பதற்காக அது போலி என்று நினைக்க வேண்டாம்.

ஏ.எம்.டி நிறுவனத்தின் ரைசன் செயலிகள் நல்லவை, பல தடவை விலையும் குறைவு. ஆனால் எண்ணில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரைசன் 5 7520 என்பதும் ரைசன் 5 7530 என்பதும் அண்ணன் தம்பி போலத் தெரியும். 2023 இல் வந்த அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பின் வயதைச் சொல்வது. 7520 இல் இருப்பது இரண்டாம் சென் கட்டமைப்பு, 7530 இல் இருப்பது மூன்றாம் சென். விலையில் சிறு வித்தியாசம் இருந்தால் இரண்டாவதை எடுங்கள்.

செலரோன் என்று எழுதியிருக்கும் கணினிகளை மிகக் குறைந்த விலைக்குத் தருவார்கள். இணையத்தில் பாட்டுக் கேட்கப் போதும், நான்கு வருடப் பட்டப்படிப்புக்குப் போதாது. அந்த விலைக்கு நல்ல நிலையில் உள்ள பாவித்த கணினி ஒன்றே மேல்.

சேமிப்பகம் எஸ்.எஸ்.டி ஆக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். சுழலும் வன்தட்டு உள்ள கணினி திறந்து வருவதற்குள் விரிவுரை பாதி முடிந்துவிடும். அத்தோடு பஸ்ஸிலும் மோட்டார்சைக்கிளிலும் குலுங்கினால் வன்தட்டுப் பழுதாகும் வாய்ப்பும் அதிகம். 256 ஜி.பி எஸ்.எஸ்.டி தொடங்கப் போதும், 512 இருந்தால் நல்லது. 1 டி.பி வன்தட்டு என்ற பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ராம் பற்றிக் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "பிறகு கூட்டலாமா?" என்பது. மெல்லிய கணினிகள் பலவற்றில் ராமை மின்பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டிவிடுகிறார்கள். அப்படியென்றால் வாங்கும் நாளில் இருப்பதுதான் கடைசிவரை. கூட்டக்கூடிய இடம் இருந்தால் இன்றைக்கு 8 ஜி.பி உடன் வாங்கி, காசு வரும்போது 16 ஆக்கலாம். எஸ்.எஸ்.டி, பற்றறி இரண்டையும் மாற்ற முடியுமா என்பதையும் கேளுங்கள்.

திரை 1920 க்கு 1080 என்ற அளவில் இருக்கட்டும். 1366 க்கு 768 என்ற பழைய அளவில் நான்கு வருடம் வாசித்தால் கண்தான் கூலி கொடுக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்கோ பேராதனைக்கோ பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைக்கு 15.6 அங்குலக் கணினியின் பாரம் சார்ஜரோடு சேர்ந்து தோளில் தெரியும். விடுதியிலேயே வைத்துப் பாவிப்பதென்றால் பெரிய திரை வசதி.

பாவித்த கணினி வாங்கலாமா?

வாங்கலாம். எங்கள் மக்களில் பாதிப்பேருக்கு அதுதான் நடைமுறைச் சாத்தியம். வெளிநாட்டுக் கொம்பனிகள் மூன்று, நான்கு வருடம் பாவித்துக் கழித்துவிடும் லெனோவோ திங்க்பேட், டெல் லற்றிரியூட், எச்.பி எலைட்புக் போன்றவை இங்கே கடைகளுக்கு வருகின்றன. அவை அலுவலகப் பாவனைக்கென்று உறுதியாகச் செய்யப்பட்டவை. கழற்றித் திருத்துவது இலகு, உதிரிப்பாகமும் கிடைக்கும். கடையில் மினுங்கும் மலிவான புதியதைவிட இவை பல தடவை நீடித்து உழைப்பதை என் மேசையில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு திகதியை மனதில் வையுங்கள். விண்டோஸ் 10 க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டது. தனிப்பட்ட பாவனையாளருக்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்த நீடிப்பும் 2026 ஒக்ரோபர் வரைதான். விண்டோஸ் 11 முறைப்படி ஓடுவதற்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி தேவை. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளை வெளிநாட்டு நிறுவனங்கள் தொகையாகக் கழித்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவை மலிவாக எங்கள் பக்கம் வருகின்றன. "விண்டோஸ் 11 போட்டுத் தாறன்" என்று சிலர் சொல்வார்கள். குறுக்கு வழியில் போடலாம், ஆனால் அதற்கு மைக்ரோசொஃப்ட் பொறுப்பு நிற்காது. எனவே எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் பழையது இருந்தால் எறியவும் வேண்டாம். உபுண்டு, லினக்ஸ் மின்ற் போன்ற இலவச இயங்குதளம் போட்டால் வாசிப்புக்கும் எழுத்துக்கும் இன்னும் சில வருடம் ஓடும்.

பாவித்ததை வாங்கும்போது இவற்றைக் கடையிலேயே பாருங்கள்:

- பற்றறி அறிக்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அதற்குக் கட்டளை இருக்கிறது. செய்யும்போது இருந்த கொள்ளளவு 50,000, இப்போது நிரம்புவது 30,000 என்றால் பற்றறி 60 வீதத்தில் நிற்கிறது. அதற்கேற்ப விலையைக் குறைத்துப் பேசலாம்.
- இணையத்தோடு இணைத்து, முழுதாக அழித்துத் திரும்ப நிறுவிக் காட்டச் சொல்லுங்கள். சில கணினிகள் பழைய கொம்பனியின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்படாமல் வந்துவிடும். இணையம் கிடைத்ததும் ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரைக் காட்டிக் கடவுச்சொல் கேட்டு நின்றுவிடும். மக்புக்கிலும் பழைய உரிமையாளரின் கணக்குப் பூட்டு இருக்கலாம். அதை எங்களால் திறக்க முடியாது.
- பயோஸ் கடவுச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.
- எல்லா விசையையும் அழுத்திப் பாருங்கள். எல்லா யூ.எஸ்.பி துளையையும், கமராவையும், ஒலிவாங்கியையும் சோதியுங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படத்தைத் திரையில் போட்டால் கோடும் புள்ளியும் தெரியும்.
- மூடியின் பிணைச்சலைத் திறந்து மூடுங்கள். அது உடைந்தால் திரையும் சேர்ந்து போகும்.
- அரை மணித்தியாலம் ஓடவிட்டு, விசிறிச் சத்தத்தையும் சூட்டையும் கவனியுங்கள். அவசரப்படுத்துகிற கடையை விட்டு வெளியே வாருங்கள்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவருவதானால்

புலம்பெயர்ந்த உறவுகள் வாங்கித் தருவது பெரிய உதவி. அவர்கள் கடையில் நிற்கும்போது சொல்ல வேண்டியவை சில உண்டு.

பிரான்சில் வாங்கும் கணினியின் விசைப்பலகை வேறு ஒழுங்கில் இருக்கும். அதில் ஆங்கில எழுத்துகள் ஏ, இசட் என்று தொடங்கும். ஜேர்மனியிலும் சுவிசிலும் வையும் இசட்டும் இடம் மாறியிருக்கும். மென்பொருளில் மாற்றலாம், ஆனால் விசையில் அச்சடித்திருப்பது ஒன்று, திரையில் வருவது ஒன்று என்று புதிதாகப் பழகும் பிள்ளை தடுமாறும். லண்டன், கனடா, அவுஸ்திரேலியாவில் வாங்குவதில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. கனடாவிலும் சில பிரெஞ்சு விசைப்பலகையோடு விற்கப்படுவதால் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

கனடாவின் மின்சாரம் 120 வோல்ற், எங்களுடையது 230. மடிக்கணினியின் சார்ஜரில் 100–240 என்று எழுதியிருந்தால் பயமில்லை. ஆணி மட்டும் வேறு. மலிவான மாற்றுச் சொக்கற்றைத் தொங்கவிடாமல், சுவரிலிருந்து சார்ஜர் பெட்டிவரை வரும் வயரை மட்டும் இங்கத்தைய மூன்று ஆணி வயராக மாற்றிக்கொள்ளுங்கள்.

உத்தரவாதம் நாட்டுக்கு நாடு வேறுபடும். வாங்கும் மாதிரிக்கு இலங்கையில் உத்தரவாதம் செல்லுமா என்று அங்கேயே கேட்டு, பற்றுச்சீட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். பொதியில் அனுப்புவதைவிட வருபவரின் கையில் கொண்டுவருவதே நல்லது. அதற்கும் சுங்கத்தின் நடப்பு விதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உறவினர் கொடுத்த காசில் இங்கே வாங்குவதா, அங்கே வாங்கி வருவதா என்று கேட்டால், விலை வித்தியாசம் சிறிதென்றால் இங்கே வாங்குங்கள் என்பேன். பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு இடம் இருக்கும்.

மின்சாரம், வெயில், உப்புக்காற்று

1990 இலிருந்து குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. பொருளாதாரத் தடையில் பற்றறியும் வராது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும், ஜாம் போத்தல் விளக்கில் படித்ததும் என் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். கிளிநொச்சி, சுன்னாகம் மின்மார்க்கத்தின் ஊடாக மீண்டும் இணைக்கப்பட்டது 2013 இல்தான். அதற்குப் பிறகும் 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நடந்தது. நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவு போன்ற இடங்களில் மின்சாரம் தீவிலேயே உள்ள டீசல் இயந்திரங்களை நம்பியிருக்கிறது. ஆகவே பற்றறி எங்களுக்கு ஆடம்பரம் இல்லை, தேவை. விற்பனைத் தாளில் உள்ள மணித்தியாலத்தில் மூன்றில் இரண்டு பங்கை எதிர்பார்த்து வாங்குங்கள். யூ.எஸ்.பி-சி துளை வழியாகச் சார்ஜ் ஏறும் கணினி என்றால், மின்வெட்டு நேரத்தில் 65 வாற் வலுவுள்ள பவர் பாங்க் ஒன்றாலும் சமாளிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னல் நாட்களில் என் மேசைக்கு வரும் கணினிகளில் கணிசமானவை சார்ஜர் அல்லது மின்பலகை கருகியவை. வானம் இருண்டால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஆணியைச் சொக்கற்றிலிருந்து கழற்றுங்கள். இணைய றவுட்டரின் வயரையும் கழற்றுங்கள். உலோக உடல் கொண்ட கணினி சார்ஜில் நிற்கும்போது கையில் மெல்லிய அதிர்வு தெரிந்தால், உங்கள் சொக்கற்றில் புவித்தொடுப்புச் சரியில்லை என்று அர்த்தம். மின்னியலாளரைக் கூப்பிட்டுப் பார்ப்பது கணினிக்கும் நல்லது, வீட்டாருக்கும் நல்லது.

தகரக் கூரை, அஸ்பெஸ்டஸ் கூரை வீடுகளில் சித்திரை வெயிலுக்கு மத்தியானம் கணினி கொதிக்கும். மெத்தையிலும் தலையணையிலும் வைத்துப் பாவித்தால் காற்றுப் போகும் துளை அடைபடும். ஒரு பலகை போதும். வருடத்துக்கு ஒருமுறை விசிறியைத் துப்புரவாக்குங்கள். குருநகர், வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, தீவகம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுத் துளைகளின் உலோகத்தை அரிக்கும். சன்னலோரத்தில் திறந்து வைக்காமல் பையில் வையுங்கள். பாவிக்காமல் மாதக்கணக்கில் விட்டுவிடவும் வேண்டாம். எந்நேரமும் சார்ஜில் நிற்கும் கணினி என்றால் 80 வீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், பற்றறியின் ஆயுள் நீளும்.

தமிழும் மென்பொருளும்

எங்கள் பக்கத்தில் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள் அதிகம். பாமினியில் எழுதியது வேறு கணினியில் திறக்கும்போது புரியாத ஆங்கில எழுத்தாகக் கிடக்கும். இணையத்தில் தேடினாலும் அகப்படாது. பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளை முதல் நாளிலிருந்தே யுனிகோட்டில் எழுதப் பழகட்டும். விண்டோஸ் 11 இல் தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன. கை பாமினிக்குப் பழகிவிட்டது என்றால் இ-கலப்பை, என்.எச்.எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் அதே விசை ஒழுங்கில் யுனிகோட்டைத் தரும். காசு கொடுக்க வேண்டியதில்லை.

திருட்டு விண்டோஸும் திருட்டு ஒஃபிஸும் போட்டுத் தருவது இங்கே வழக்கமாகிவிட்டது. அவற்றைத் திறக்கப் பாவிக்கும் சிறு செயலிகளோடு நச்சுநிரலும் வரும். ஆய்வுக்கட்டுரை ஒப்படைக்க இரண்டு கிழமை இருக்கும்போது எல்லாக் கோப்பும் பூட்டப்பட்டு, அழுதுகொண்டு வந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பல பல்கலைக்கழகங்கள் மாணவர் மின்னஞ்சலோடு மைக்ரோசொஃப்ட் 365 ஐக் கொடுக்கின்றன, உங்கள் பீடத்தில் கேளுங்கள். ஓட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர் என்று உறுதிப்படுத்தினால் ஓட்டோகாட்டை இலவசமாகத் தருகிறது. லிப்ரே ஒஃபிஸ், புள்ளிவிபரத்துக்கு ஆர், வரைபடத்துக்குக் கியூ.ஜி.ஐ.எஸ், உசாத்துணைகளைச் சேர்த்து வைக்கச் சொற்றேரோ எல்லாம் இலவசம்.

போரில் கையையோ பார்வையையோ இழந்த பிள்ளைகளும் பல்கலைக்கழகம் போகிறார்கள். அவர்களுக்கென்று விலை கூடிய தனிக் கருவி வேண்டும் என்று பெற்றோர் நினைத்துப் பின்வாங்குவதுண்டு. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ முற்றிலும் இலவசம், தமிழையும் வாசிக்கும். ஒரு கையால் தட்டச்சு செய்பவர்களுக்கு இரண்டு விசையை ஒன்றாக அழுத்தும் தேவையை நீக்கும் வசதி எல்லா விண்டோஸிலும் இருக்கிறது. கூகிள் டொக்ஸில் தமிழில் பேசினால் எழுத்தாக வரும். இப்படிப்பட்ட பிள்ளைக்கு வாங்கும்போது நல்ல ஒலிவாங்கியும் 16 ஜி.பி ராமும் இருப்பது உதவும்.

காசும் கடனும்

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. 2024 ஜனவரியில் வற் வரி 15 இலிருந்து 18 வீதமானது. அதற்குப் பிறகு டொலர் ஓரளவு இறங்கினாலும் கணினி விலை பழைய இடத்துக்குப் போகவில்லை. இன்று ஒரு நல்ல புதிய கணினியைப் பற்றி இலட்சத்தைத் தாண்டாமல் பேச முடியாது. கடையில் விலை கேட்கும்போது வரி சேர்த்தா, பை, மவுஸ் சேர்த்தா என்று தெளிவாகக் கேளுங்கள்.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 இலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 150,000 ரூபாய்க் கணினி என்றால் அது 20 மாத மகாபொலப் பணம். இனி அதே கணினியைத் தவணையில் எடுத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். வருடத்துக்கு 24 வீதம் நிலையான வட்டி, இரண்டு வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 72,000. மொத்தம் 222,000. மாதம் 9,250. அதாவது மகாபொல முழுவதையும் கட்டினாலும் போதாது. 24 வீதம் என்று சொன்னாலும், நீங்கள் கட்டக் கட்டக் குறையும் கடனுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி ஏறத்தாழ 41 வீதம் வரும். "நிலையான வட்டியா, குறைந்து செல்லும் வட்டியா?" என்ற கேள்வியைக் கையெழுத்து வைக்குமுன் கேளுங்கள்.

நுண்கடன் வடக்கில் எத்தனை குடும்பங்களை, அதிலும் பெண் தலைமைக் குடும்பங்களை, எப்படி அலைக்கழித்தது என்பது இந்தப் பக்க வாசகர்களுக்குத் தெரியும். மடிக்கணினிக்காக அந்த வாசலில் போய் நிற்க வேண்டாம். அரச வங்கியில் கல்விக் கடன் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கிராமத்துச் சிக்கனக் கூட்டுறவுச் சங்கத்தைக் கேளுங்கள். பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் வருடந்தோறும் சில பிள்ளைகளுக்கு உதவுகின்றன, வெட்கப்படாமல் விண்ணப்பியுங்கள். ஒன்றும் சரிவராவிட்டால் முதல் வருடத்தைப் பாவித்த கணினியோடும் நூலகக் கணினியோடும் ஓட்டலாம். அப்படிப் படித்துப் பட்டம் பெற்றவர்கள் எத்தனையோ பேர்.

உதவி செய்யும் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பத்துப் பேருக்கு ஒரே மாதிரி மலிவான செலரோன் கணினி கொடுப்பதைவிட, ஐந்து பேருக்கு அவரவர் துறைக்கேற்ற, திருத்தக்கூடிய கணினி கொடுத்தால் நாலு வருடமும் உதவும்.

வாங்கும் நாளில்

பற்றுச்சீட்டில் மாதிரியின் முழுப் பெயர், தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம் மூன்றும் எழுதப்பட வேண்டும். உத்தரவாதம் கடையுடையதா, நிறுவனத்தின் இலங்கை முகவருடையதா என்று கேளுங்கள். பழுதானால் யாழ்ப்பாணத்தில் திருத்துவார்களா, கொழும்புக்கு அனுப்புவார்களா, எத்தனை நாள் செல்லும் என்றும் கேளுங்கள். பற்றறிக்கும் சார்ஜருக்கும் உத்தரவாதக் காலம் குறைவாக இருக்கலாம். உள்ளே இருக்கும் ராம், எஸ்.எஸ்.டி அளவைக் கணினியைத் திறந்து திரையிலேயே காட்டச் சொல்லி, விலைச்சீட்டோடு ஒப்பிடுங்கள். பற்றுச்சீட்டையும் தொடர் இலக்கத்தையும் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். களவு போனால் பொலிஸில் கொடுக்க அது வேண்டும்.

கணினி வந்த பிறகு செய்யும் முதல் வேலை

இடப்பெயர்வுகளில் எங்கள் வீடுகள் இழந்தவற்றில் திரும்பக் கிடைக்காதவை கடதாசிகளும் படங்களும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பள்ளிக்கூடச் சான்றிதழ், காணாமல் ஆக்கப்பட்டவருக்காகக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதி, அவருடைய ஒரேயொரு படம் என்று சில வீடுகளில் ஒரு பொலித்தீன் பைக்குள் எல்லாம் கிடக்கின்றன. கறையானுக்கும் வெள்ளத்துக்கும் அது ஒரு இரைதான். புதுக் கணினி வந்த முதல் கிழமையில் இவற்றை ஸ்கான் செய்து மூன்று இடத்தில் வைக்கச் சொல்லிப் பிள்ளையிடம் கொடுங்கள்: கணினியில் ஒன்று, தனியான வெளி எஸ்.எஸ்.டியிலோ பென்டிரைவிலோ ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. பென்டிரைவைக் கணினிப் பையிலேயே வைக்கக்கூடாது. பை களவு போனால் இரண்டும் போய்விடும். மூல ஆவணத்தை எறியவும் கூடாது, நீதிமன்றத்தில் கேட்பது அதைத்தான்.

பிள்ளையின் பாடக் கோப்புகளுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். கணினியை நான் திருத்திக் கொடுக்கலாம், புதிய எஸ்.எஸ்.டி போடலாம், திரை மாற்றலாம். அழிந்த எஸ்.எஸ்.டியில் இருந்த கோப்பைப் பெரும்பாலும் மீட்க முடியாது.

தீவகத்திலிருந்தோ மருதங்கேணியிலிருந்தோ நகரத்துக்கு வந்து ஒரே நாளில் வாங்கிப் போக நினைப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று: இரண்டு கடையிலாவது விலை கேளுங்கள், மாதிரியின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், இரவு பிள்ளையோடு இருந்து பேசுங்கள், அடுத்த கிழமை வந்து வாங்குங்கள். நாலு வருடம் பாவிக்கும் பொருளுக்கு ஒரு கிழமை யோசிப்பது பிந்துதல் ஆகாது.